தெரிஞ்ச வண்டிதான், ஏறும்மா

போன வாரம் பாத்திமா போன் செய்தாள். இருபத்தொன்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு லாட்ஜ். அதன் வரவேற்பு மேஜை. முட்டி வலி எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நெட்ல நம்ம லாட்ஜ பத்தி ஒரு பொண்ணு எழுதி வெச்சிருக்குதே, ஞாபகம் இருக்குதா? அத்த எடுத்துடச் சொல்லி கம்ப்ளைன்ட் போடலாம்னு புது மேனேஜர் சொல்றாரு. எல்லாரும் நல்லவிதமா எழுதியிருக்கறாங்களாம், அது ஒண்ணுதான் கண்ண உறுத்துதாம். உங்கள பத்தினது ஆச்சே, ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு..."

ஞாபகம் இருக்கிறதாவா! அது எனக்கு மனப்பாடம். "அறை சுத்தம். வெந்நீர் வருகிறது. வரவேற்பில் இருப்பவர்கள் அன்பானவர்கள். ஆனால் வண்டி விஷயத்தில் அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்." அவ்வளவுதான். நாலே வாக்கியம். கன்னாபின்னாவென்று திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவள் திட்டவில்லை. அன்பானவர்கள் என்றும் எழுதினாள், நம்பாதீர்கள் என்றும் எழுதினாள். இரண்டும் உண்மை.

பாத்திமா வேலைக்கு வந்தது அந்தச் சம்பவத்துக்கு அப்புறம். அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான், விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

நான் ஓரிக்கைக்காரி. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். டைப்பிங் முடித்த கையோடு லாட்ஜில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதெல்லாம் சாவிக்கொத்து, படுக்கை விரிப்புக் கணக்கு, நாலைந்து இந்தி வார்த்தை, அப்புறம் வழி சொல்வது. வழி சொல்வதுதான் பெரும்பாடு. இந்த ஊரில் "பெருமாள் கோயில்" என்று மட்டும் சொல்லி வண்டி ஏறினால் எங்கே போய் இறங்குவீர்கள் என்று அந்தப் பெருமாளுக்கே தெரியாது. வரதராஜரா, வைகுண்டரா, உலகளந்தாரா என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வற்றிப்போகும்.

மற்றதையெல்லாம் தேசிகன் சார் பார்த்துக்கொண்டார். அவர்தான் அப்போது மேனேஜர். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, வேட்டி. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் விருந்தாளிக்கு வண்டி வந்துவிட்டது என்று சொன்னால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்துவிடுவார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். விருந்தாளி ஏறுகிற கதவுப் பக்கம் போகமாட்டார், டிரைவர் பக்கம் போவார். குனிந்து, "சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். டிரைவருக்குச் சந்தோஷமாக இருக்கும், சாப்பாட்டை விசாரிக்கிறாரே என்று. அவர் விசாரித்தது சாப்பாட்டை இல்லை. பதில் சொல்ல வாய் திறக்கும்போது குடித்திருக்கிறானா, நிமிர்ந்து பார்க்கும்போது கண் தூக்கத்தில் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார். அடுத்தது, "யாரை அழைச்சுண்டு போக வந்திருக்கேள்?" பெயரை அவன்தான் சொல்ல வேண்டும். நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதற்கப்புறம் வண்டிக்கு முன்னால் வந்து நின்று நம்பரைச் சத்தமாகப் படிப்பார். தெரு முழுக்கக் கேட்கும். நான் படிக்கட்டில் நின்று அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுத வேண்டும். வண்டி நம்பருக்கு ஒரு கட்டம், டிரைவர் பெயருக்கு ஒரு கட்டம்.

"எழுதினா போதாதா சார், எதுக்கு ஏலம் போடற மாதிரி கத்தணும்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். எனக்கு அப்போதே வாய் நீளம்.

"எழுதறது நமக்கும்மா. படிக்கறது அவனுக்கு" என்றார்.

ஒரு தடவை முதலாளியின் அண்ணன் மகன் காரே வந்து நின்றது, சென்னைக்குப் போகிற ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொள்ள. ஓட்ட வந்தவன் புதியவன். யாரை அழைத்துப்போக வந்தாய் என்றால் "லாட்ஜ்ல இருக்கறவங்க" என்கிறான். சார் அந்தக் குடும்பத்தைப் பெட்டியோடு கீழே இறக்கிவிட்டார். முதலாளி போனில் குதித்தார், நம்ம வண்டியப்பா அது, நம்ம வண்டியப்பா அது என்று. சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வண்டி நம்மதுதான். ஓட்டறவன் யாரு?" என்றார். வேறு வண்டி வந்து அந்தக் குடும்பம் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது. வேலை போய்விடும் என்று நான் கதிகலங்கிப் போயிருந்தேன். அவர் உள்ளே வந்து, வண்டி வந்தபோது பாதியில் விட்டிருந்த கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

சார் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கம் போய்விட்டார். அதன் பிறகு பதிவேடு என் கைக்கு வந்தது. சில வருஷம் எல்லாவற்றையும் அவர் மாதிரியே செய்தேன். பிறகு போன் வழியாக வண்டி பிடிக்கிற காலம் வந்தது. விருந்தாளியே ஆப்பில் வண்டி போட்டுக்கொள்கிறார். வண்டி நம்பர், டிரைவர் போட்டோ, பெயர், ஏறும்போது சொல்ல நாலு எண் ரகசியம், எல்லாம் அவர்கள் போனிலேயே வந்துவிடுகிறது. நான் எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. வெளியே போய் நிற்பேன், நம்பரைப் படிப்பேன், எழுதுவேன். வருவதெல்லாம் ஊர் வண்டிகள்தானே, பாதிப் பேர் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். நாளாக நாளாக டிரைவர் பெயர் கட்டத்தில் பெயர் எழுதுவது நின்றுபோனது. "தெ.வ." என்று இரண்டெழுத்து போட ஆரம்பித்தேன். தெரிஞ்ச வண்டி.

இந்தச் சுருக்கெழுத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெளியூர்க்காரர்கள் போனைப் பார்த்துப் பார்த்து பயந்து ஏறுகிறார்கள், நமக்கு ஊரே தெரியும் என்கிற பெருமை.

அந்தப் பெண் பெயர் கீர்த்தனா. மதுரைப் பக்கம் கல்லூரியில் வேலை பார்க்கிறவள், முப்பது வயது இருக்கும். தங்கை கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தாள். முகூர்த்தப் புடவைக்கு வேன் வைத்துக்கொண்டு பதினைந்து பேர் வருகிற ஊரில் இவள் தனியாக வந்தாள். அம்மாவுக்கு நடக்க முடியாதாம், தம்பிக்கு லீவு இல்லையாம். இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி மூன்று புடவை எடுத்தாள். ஒவ்வொன்றையும் என்னிடம் பிரித்துக் காட்டினாள். மூன்றாம் நாள் மதியம் செங்கல்பட்டில் ரயில். ஆப்பில் வண்டி போட்டாள்.

வண்டி வந்ததும் வெளியே போனவள் உடனே உள்ளே திரும்பி வந்தாள். பை தோளில், போன் கையில்.

"அக்கா, போட்டோல இருக்கறவரு வேற, வண்டில இருக்கறவரு வேற. நம்பர் சரியா இருக்கு. ஆனா நான் கேன்சல் பண்ணிட்டு வேற வண்டி போட்டுக்கறேன்."

இந்த வாக்கியத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேன்சல் பண்ணிக்கறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கதவைக்கூடத் தொடவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"இரும்மா, நான் பாக்கறேன்" என்று நான் எழுந்தேன்.

வெள்ளைக் கார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சுகுமாரின் வண்டி. சுகுமார் ஆறு வருஷமாக எங்கள் லாட்ஜுக்கு வண்டி ஓட்டுகிறவன். இடது பக்கக் கதவில் ஒரு நசுங்கல். உள்ளே கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டுநூல் குஞ்சம். அது நான் கொடுத்த குஞ்சம். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவனை மட்டும் எனக்குத் தெரியாது. நீலச் சட்டை, நாற்பது வயது, வெற்றிலைக் கறை இல்லாத சுத்தமான பல்.

"யாருப்பா நீ? சுகுமார் எங்க?"

"நான் சுகுமார் மச்சான்க்கா. அவனுக்கு காலைலருந்து ஜொரம். ட்ரிப்ப வுட வேணாம்னு நான் எடுத்துக்கினு வந்தேன். நீங்கதான ராணி அக்கா? எப்ப பாத்தாலும் உங்களயேதான் சொல்லிக்கினு இருப்பான்."

உருகிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. மச்சான் என்றான், அக்கா என்றான், என் பெயரைச் சொன்னான். சாப்டியா என்று கேட்கவில்லை. யாரைக் கூட்டிக்கொண்டு போக வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"தெரிஞ்ச வண்டிதான், ஏறும்மா" என்றேன். "சுகுமார் மச்சான்தான். நம்ம வீட்டுப் பசங்க மாதிரி."

அவள் அப்போதும் தயங்கினாள். வண்டியின் பின்னால் போய் நம்பர் பலகையைப் போனில் படம் எடுத்தாள். யாருக்கோ அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா, வண்டிக்குப் பொண்ணு பாக்கப் போறியா, போட்டோ எடுக்கற?" என்று கேலி பண்ணினேன். அந்த ஆளும் சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தோம்.

ஏறி உட்கார்ந்தாள். "ஓடிபி சொல்லுங்க மேடம்" என்றான். அவள் போனைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். இப்போது நினைத்தால், அதுதான் அவள் கையில் மிச்சமிருந்த கடைசிப் பூட்டு. அந்த நாலு எண்ணைச் சொல்லாதவரை வண்டி கிளம்பாது. இறங்கிவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கோ பின்னால் வந்து நின்ற ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிற அவசரம். ஜன்னல் வழியாகக் குனிந்து அவள் போனில் இருந்த நாலு எண்ணையும் நானே படித்துவிட்டேன். சத்தமாக. தேசிகன் சார் வண்டி நம்பரைப் படிப்பாரே, அதே குரலில்.

வண்டி போனது. உள்ளே வந்து பதிவேட்டில் தெ.வ. என்று எழுதிவிட்டு டீ வரவழைத்துக் குடித்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நண்பன் ஒருவன் ஓட்ட, பின்னாலிருந்து இறங்கி ஓடி வந்தவன் சுகுமார். ஜுரமும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறான். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"அக்கா, என் வண்டி இந்தப் பக்கம் வந்துச்சாக்கா?"

"வந்துச்சே. உன் மச்சான்தான் எடுத்துக்கினு வந்தாரு. உனக்கு ஜொரம்னு..."

"எந்த மச்சான்?"

"உன் மச்சான்பா."

"இன்னாக்கா சொல்ற? எனக்கு அக்கா தங்கச்சியும் கெடையாது, கல்யாணமும் ஆவல. எங்கருந்துக்கா வருவான் மச்சான்?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அவனுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை என்பது தெரியும். கல்யாணம் ஆகவில்லை என்பதும் தெரியும். எப்படித் தெரியாமல் போகும்? அவனுக்கு ஒரு வருஷமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவளே நான்தான். அவன் ஜாதகம் அந்த நிமிஷம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒரே பிள்ளை, பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம் என்று நாலு வீட்டில் சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க, மச்சான் என்று ஒருத்தன் சொன்னதும் சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.

சுகுமார் சொன்னது இது. காலையில் வண்டியைக் கழுவ ஷெட்டில் விட்டிருக்கிறான். ஆப் போட்ட போன் வண்டிக்குள்ளேயே சார்ஜில் இருந்திருக்கிறது, எடுக்க மறந்துவிட்டான். அந்த ஷெட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் அடையாளம் சொன்ன நீலச் சட்டைக்காரன் அங்கே வந்து வந்து உட்கார்ந்திருப்பவன். நேற்றுப் பழகினவனும் மச்சான், பத்து வருஷம் பழகினவனும் மச்சான். சாவி கொக்கியில் தொங்கியிருக்கிறது.

"அவன் வேற ஒரு கம்பெனில ஓட்டிக்கினு இருந்தவன்க்கா" என்றான் சுகுமார். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒரு லேடி குடுத்த கம்ப்ளைன்ட்ல நிறுத்திட்டாங்க."

அந்தப் பெண் மூன்று புடவையையும் என் முன்னால் பிரித்துக் காட்டினது கண்ணில் வந்து நின்றது. பதிவேட்டைப் புரட்டி அவள் நம்பரைத் தேடினேன். கண் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. சுகுமாரின் நண்பன்தான் படித்துச் சொன்னான்.

முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாம் தடவை எடுத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சொல்லுங்கக்கா. டிக்கெட்ட ரூம்லயே வச்சுட்டு வந்துட்டேனா? நானும் இப்பத்தான் தேடுறேன். அய்யம்பேட்டை தாண்டி ஏதோ ஏரிக்கரைல போய்க்கிட்டிருக்கோம்க்கா. வண்டியத் திருப்பச் சொல்லவா?"

நான் இருக்கிறேனே மக்கு! "டிக்கெட்டா? உன் போன்லதானேம்மா..." என்று வாயெடுத்துவிட்டேன். பாதியில்தான் உறைத்தது. டிக்கெட் என்று காகிதம் ஏதும் கிடையாது. திரும்பி வர ஒரு சாக்கும், எங்கே இருக்கிறாள் என்கிற தகவலும், இரண்டையும் ஒரே மூச்சில் அவள் எனக்குக் கொடுத்துவிட்டாள். செங்கல்பட்டு போகிற பெரிய சாலையில் ஏரிக்கரை எங்கே வந்தது?

பதிவேட்டு ஓரத்தில் அய்யம்பேட்டை ஏரிக்கரை என்று எழுதிக் காட்டினேன். சுகுமாரும் நண்பனும் உடனே அய்யம்பேட்டை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் காவல் நிலையத்துக்கும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் கையில் அவள் இருக்கிறாள். என்ன பேசுவது? நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வானோ. தெரியாவிட்டால் என்ன செய்வானோ. படிக்கறது அவனுக்கு என்று தேசிகன் சார் சொன்னது அந்த நேரத்தில் எங்கிருந்தோ வந்தது.

"போன ஸ்பீக்கர்ல போடும்மா" என்றேன்.

போட்டாள். வண்டி குலுங்குகிற சத்தம் கேட்டது. நான் வண்டி நம்பரைப் படித்தேன். ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் எண்ணாக. வெள்ளைக் கார், இடது கதவு நசுங்கல், நீலச் சட்டை என்றேன். "ஏரிக்கரைல போற வண்டி. போலீஸ்ல சொல்லியாச்சு. அய்யம்பேட்டை ஆட்டோக்காரங்க ரோட்டுக்கு வந்தாச்சு. உன் மச்சான் சுகுமாரு தோ எம் பக்கத்துல நிக்கறாரு, பேசறியாப்பா?" என்றேன். எப்படி அவ்வளவு கோர்வையாகப் பேசினேன் என்று எனக்கே தெரியாது. லாட்ஜ் வாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அக்கா, இன்னாக்கா இப்டி பேசறீங்க... குறுக்கு வழிக்கா இது" என்று அவன் குரல் கேட்டது. பிரேக் சத்தம். கதவு திறக்கிற சத்தம். போன் கட் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் ஏழெட்டு நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு நிமிஷம் இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. எல்லாரையும் கூப்பிட்டேன். கடைசியில் சுகுமாரின் நண்பன் போனில் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பேசினார். "பொண்ணு நம்மகிட்ட இருக்குதுபா. அடி கிடி ஒண்ணும் இல்ல. அவன் சாவிய வண்டிலயே வுட்டுட்டு வயல்ல எறங்கி ஓடிக்கினு இருக்கறான்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கீர்த்தனா அந்த ஆட்டோவிலேயே திரும்பி வந்தாள். புடவைப் பை தோளை விட்டு இறங்கவில்லை. பின்கதவு உள்பக்கத்திலிருந்து திறக்காதபடி பூட்டு போட்டிருந்தானாம். அவன் இறங்கி ஓடிய பிறகு முன் சீட்டைத் தாண்டிக் குதித்து வெளியே வந்திருக்கிறாள், போன் அந்த அவசரத்தில் சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது. வண்டி பெரிய சாலையை விட்டு இறங்கினபோதே, ஊரில் இருக்கிற தம்பி அவள் ஆப் வழியாகப் பகிர்ந்து வைத்திருந்த வண்டிப் பாதையைத் தன் போனில் பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறான். எங்களுக்கு முன்னாலேயே. நான் சிரித்தேனே, அந்தப் போட்டோவும் அவனிடம்தான் போயிருந்தது. அவளைக் காப்பாற்றினது அவள் செய்து வைத்த காரியங்கள்தான். நான் படித்த நம்பர் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டது.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். மேஜையில் பதிவேடு திறந்தே கிடந்தது. அதைத் தன் பக்கம் திருப்பி அவள் வரியைப் பார்த்தாள்.

"தெ.வ.ன்னா என்னக்கா?"

சொன்னேன். அவள் விரலை மேலே நகர்த்திக்கொண்டே போனாள். தெ.வ., தெ.வ., தெ.வ. பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் அதுதான். எத்தனை பேரை யாரோடு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது என்பதை அப்போதுதான், அவள் விரலோடு சேர்ந்து, நானும் பார்த்தேன். நேற்றைய வண்டியைக்கூட யார் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் அழவில்லை, கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நான் கேன்சல் பண்றேன்னு சொன்னேன்ல அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தம்பி வந்து அழைத்துப் போகும் வரைக்கும் அதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆளை இரண்டாம் நாள் பிடித்தார்கள். குறுக்கு வழி, குறுக்கு வழி என்று கடைசிவரை அதையே சொன்னானாம். புடவைக்காகவா, வேறு எதற்காகவா என்பது இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருப்பேன், ஏரிக்கரையில் அந்தக் கதவு திறக்கிற சத்தம் காதில் வரும், கை நின்றுவிடும்.

நான் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். பதிவேட்டில் தெ.வ. எழுதவில்லை. டிரைவரைப் பெயர் சொல்லச் சொன்னேன், விருந்தாளி பெயரையும் அவர்கள் வாயிலிருந்து வரவைத்தேன், போட்டோவையும் முகத்தையும் விருந்தாளியே ஒத்துப் பார்க்கும்வரை கதவைத் திறக்க விடவில்லை. சுகுமாரே வந்தாலும் இதேதான். "என்னையுமாக்கா?" என்று அவன் முதல் நாள் கேட்டான், பிறகு கேட்கவில்லை. அந்த நாலு எண் விருந்தாளியினுடையது. அதை வாங்கிப் படிக்க எனக்கு அதிகாரம் கிடையாது, எவருக்கும் கிடையாது. ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பயணம் வேண்டாம். ஏன் என்று கேட்டு அவர்களைக் கூச்சப்பட வைக்கிற உரிமையும் நமக்கு இல்லை. இதெல்லாம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தேசிகன் சார் முப்பது வருஷம் முன்னாலேயே செய்ததுதான். நான்தான் இரண்டெழுத்தில் சுருக்கிவிட்டேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு பாத்திமா, "அப்ப மேனேஜர்கிட்ட இன்னாக்கா சொல்றது?" என்றாள்.

"எடுக்கவேணாம்னு சொல்லு. அது பாட்டுக்கு இருக்கட்டும். அது என்னைப் பத்தினதுதானே, எனக்கே ஒண்ணும் இல்ல. அவருக்கு என்ன திடீர்னு?"

பாத்திமா கொஞ்சம் இழுத்தாள். "ஒண்ணும் இல்லக்கா. முந்தாநாளு ஒரு அம்மா, தனியா வந்தவங்க. வண்டி வந்து நிக்கிது, ஏறமாட்டேன்றாங்க. நான் எவ்ளவோ சொல்லிப் பாத்தேன். போன எடுத்து இந்த பொண்ணு எழுதினத எங்கிட்டயே படிச்சுக் காட்டிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போயிட்டாங்க. மேனேஜருக்கு அவமானமா பூட்ச்சி."

"நீ என்ன சொல்லிப் பாத்த?"

"ஸ்டாண்டு வண்டிதாம்மா, தெரிஞ்ச வண்டிதான், ஏறுங்கன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள்.

"ஓட்டினது யாரு பாத்திமா?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது என் நாற்காலிக்கு மேலே இருக்கிற விசிறி. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"பாக்கலக்கா" என்றாள்.